எலுமிச்சை இருந்த வளைவு

1.3.98

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் வீடும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் வாலு, உன் அம்மா நால்வரும் நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன்.

முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வழியாகவாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை. போன செவ்வாய்க்கிழமை நான் செத்துப்போய்விட்டேன் என்று நம் தெருவில் கால் மணி நேரம் பேச்சு இருந்தது.

நடந்தது இதுதான். நீ கொடுத்தனுப்பிய வீடியோ கேமராவோடு ஒரு புத்தகம் வந்ததே, அதில் சின்னப் பொருளைப் படம் எடுப்பதானால் கேமராவை அதன் உயரத்துக்கு இறக்க வேண்டும் என்று ஒரு படம் போட்டிருந்தது. எழுத்து புரியவில்லை, படம் புரிந்தது. என் ரயில் எஞ்சின் முழங்காலில் பாதிதான் வரும். ஆகவே புல்லில் குப்புறப் படுத்தேன். வண்டி ஒரு சுற்று வர மூன்று நிமிடம். அசைந்தால் படம் ஆடும் என்று மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு கிடந்தேன். மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு டெய்லர் இதைப் பார்த்துவிட்டார். மனுஷன் சுவர் ஏறிக் குதித்து, என்னைப் புரட்டிப் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சில் ஒரு குத்து விட்டார் பார்.

"யோவ், ரயில் வருதுய்யா, தள்ளு!" என்றேன்.

பேச்சு வந்ததும் அவருக்குப் பயம் கூடிவிட்டது. "உயிர் இருக்கு, ஆனா புத்தி போயிடுச்சு, ரயில் வருதுங்கறார்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். அந்தச் சமயம் பார்த்து என் வண்டி வந்து அவர் முட்டியில் மோதிக் கவிழ்ந்தது. இப்போது பால் வாங்கப் போனாலும் "உடம்பு இப்ப தேவலையா?" என்று கேட்கிறார்கள். நெஞ்சு மட்டும் இன்னும் வலிக்கிறது.

எது எப்படியோ, படம் எடுத்து முடித்துவிட்டேன். கேசட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். வாலு ரயில் ரயில் என்று கேட்கிறானே என்று ஆரம்பித்த வேலை, இப்போது கொல்லை முழுக்க ஓடுகிறது. எஞ்சினுக்கு பஸ்ஸின் வைப்பர் மோட்டார். பெட்டிகள் எண்ணெய் டின்னை வெட்டி மடித்தவை. தண்டவாளம், பழைய பஸ் ஜன்னலின் அலுமினியப் பட்டை. முப்பத்தொரு வருஷம் டெப்போ பட்டறையில் வெல்டிங் அடித்தவனுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினால் வேறு என்னதான் செய்வான்? படிக்கட்டுப் பக்கம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், குகை எல்லாம் எடுத்திருக்கிறேன். கோடி வளைவில் மட்டும் வெளிச்சம் சரியில்லை, அதை விட்டுவிட்டேன்.

உன் அம்மா ஞாயிறுதோறும் போனில் கேட்பதற்கெல்லாம் இதிலேயே பதில் எழுதிவிடுகிறேன். வேளைக்குச் சமைக்கிறேன், உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், வீடு அவள் விட்டுப்போனபடியே இருக்கிறது. உன் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று ஒரு பெட்டியோடு போனவள், இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. இந்த மே மாதம் டிக்கெட் போடுவதாகச் சொன்னாள். அவசரமில்லை என்று சொல். ஆனால் தேதி தெரிந்தால் எழுது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்ல வேண்டும்.

ரயில் ஓட்டுநரும் கார்டும் ஆகிய
அப்பா

18.3.98

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதமும் கேசட்டும் வந்தன. கடிதத்தைப் படித்து அவர் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த வாலு எழுந்து அழுதான். நெஞ்சு வலி இன்னும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், விளையாட்டில்லை.

கேசட்டைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அப்பா, அதில் ரயில் இல்லை.

நாங்கள் நாலு பேரும் சினிமாவுக்குப் போவதுபோல சோபாவில் வரிசையாக உட்கார்ந்து போட்டோம். முதலில் உங்கள் செருப்பு வந்தது. பிறகு புல். "சரி, சிவப்பு வந்துடுச்சு, நின்னுடுச்சு" என்று உங்கள் குரல். எஞ்சின் உறுமுகிற நேரத்தில் படம் அறுந்துபோகிறது. மறுபடி செருப்பு. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. கேமராவுக்குள் சிவப்புப் புள்ளி தெரிந்தால் படம் ஓடுகிறது என்று அர்த்தம், அப்பா. நீங்கள் டெப்போ கணக்கில் சிவப்பு என்றால் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டீர்கள். ரயிலை எடுத்தபோதெல்லாம் கேமரா சும்மா இருந்திருக்கிறது. நிறுத்திவிட்டோம் என்று கையில் தொங்கவிட்டபோதெல்லாம் எடுத்திருக்கிறது. ஐம்பது நிமிடம். உங்கள் கால், ஆகாயம், பையின் உள்பக்கம். வாலுவுக்கு ஒரு குறையும் இல்லை. "தாத்தா காலு, தாத்தா காலு" என்று குதித்தான். டெய்லர் குத்தினது பதிவாகவில்லையே என்று உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் வருத்தம்.

பாதி வரை நானும் சிரித்தேன். பிறகு கேமராவைச் சமையல் மேடைமேல் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் நின்றபடியே, பாத்திரத்திலிருந்தே, ஸ்பூனால் சாப்பிடுகிறீர்கள். சாப்பிட்டு முடித்து "போதும், மூடி வச்சிடு" என்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நீங்களே மூடி வைக்கிறீர்கள். ஐம்பது நிமிடத்தில் அழைப்பு மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சாயங்காலம் நண்பர்கள் வருவார்கள், சீட்டாடுவோம் என்று எழுதுவீர்களே?

அம்மா அதைப் பார்த்தாள். "துண்டு காயப்போடற லட்சணத்தைப் பாரு" என்றாள், அவ்வளவுதான்.

கடைசியில் கேமராவைப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். பதினோரு நிமிடம் அது கொல்லையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் வரவில்லை. ஒரு காகம் வந்து போனது. அம்மா சோபாவிலிருந்து இறங்கி டி.வி.க்கு ஒரு சாண் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

"எலுமிச்சை எங்கே?" என்றாள்.

நான் பார்த்தேன். அந்த மூலையில் தண்டவாளம் வளைந்து போகிறது. நடுவில் ஒரு அடிக்கட்டை.

"வேற பக்கமா இருக்கும்மா" என்றேன்.

"எனக்கா தெரியாது?" என்றாள்.

அப்பா, அது அம்மா கொட்டை போட்டு வளர்த்த மரம். எண்ணெய் டின்னில் முளைத்ததை நான் எட்டாவது படிக்கும்போது தரையில் வைத்தாள். காய்க்க ஒன்பது வருஷம் ஆயிற்று. பாத்திரம் கழுவின தண்ணீரை வேறு எதற்கும் ஊற்ற விடமாட்டாள். இங்கே வந்தும் ஞாயிற்றுக்கிழமை போனில், "எலுமிச்சைக்குத் தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்காமல் வைத்ததில்லை. நீங்களும் "ஊத்துறேன், ஊத்துறேன்" என்றுதான் சொல்லிவந்தீர்கள். போன ஞாயிறுகூட.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மா இங்கே இன்னும் ஒரு வருஷம் இருப்பதானால் மே முப்பதுக்குள் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்று அவளேதான் சொல்லியிருந்தாள். டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்திருந்தோம். நேற்று துணி மடித்துக்கொண்டே, "அந்த ஃபாரத்தை எடுத்து வை" என்றாள். நான் அவளைப் பிடித்து வைக்கவில்லை அப்பா. நீங்கள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்கு நெடுநாளாகவே ஒரு உறுத்தல். எனக்கு லேபில் ஷிஃப்ட் வேலை, வாலுவுக்கு அவள் இருந்தால் சௌகரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் போகிறேன் என்றால் நானே விமானம் ஏற்றிவிடுவேன்.

மரம் என்ன ஆயிற்று? பதில் போடுங்கள்.

அன்பு மகள்

5.4.98

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் படித்து வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டேன், அங்கேயும் அந்தச் செருப்புதான் தெரிந்தது. உலகத்திலேயே தன் கால்களை ஐம்பது நிமிடம் படம் எடுத்து விமானத்தில் அனுப்பியவன் நான் ஒருவன்தான். பட்டறையில் எந்த மிஷினிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் கை வைக்காதே, நின்றிருக்கிறது என்று பொருள். ரயிலுக்கும் சிவப்பு என்றால் நில். இந்தக் கேமராவைச் செய்தவன் மட்டும் எந்த ஊர் ஞாயத்தில் செய்தானோ.

டி.வி. ரிப்பேர்க்காரரை வரவழைத்துப் பாடம் கேட்டுக்கொண்டேன். அவர் மஞ்சள் ஒயரைச் செருகி, எடுத்ததை நம் டி.வி.யிலேயே பார்க்கிற வித்தையையும் காட்டினார். "இப்ப சிவப்புன்னா என்ன சார்?" என்று என்னிடம் மூன்று தடவை கேள்வி கேட்டு, நான் சரியாகச் சொன்ன பிறகுதான் எழுந்து போனார். ஆகவே இந்த இரண்டாவது கேசட்டில் ரயில் இருக்கிறது. நானே பார்த்து உறுதி செய்துவிட்டேன். படிக்கட்டுப் பாலம், குகை, ஒரு விபத்து (ஓணான்) எல்லாம் உண்டு. வாலுவுக்காகக் கடைசிப் பெட்டியில் கேமராவைக் கட்டி ஒரு சுற்று ஓட்டினேன். பாரம் தாங்காமல் ஏற்றத்தில் நின்றுவிட்டது, ஒரு விரலால் தள்ளிவிட்டேன். விரல் தெரியும், கண்டுகொள்ள வேண்டாம்.

இனி மரம். உன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல். பூச்சி விழுந்துவிட்டது. மருந்து அடித்தேன், கேட்கவில்லை. பட்டுப்போன மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வெட்டினேன். சொன்னால் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து வருத்தப்படுவாளே என்று ஊத்துறேன் ஊத்துறேன் என்று சொல்லிவிட்டேன். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். வெறுமனே கிடந்த இடம் என்றுதான் தண்டவாளத்தை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். இப்போது நர்சரியில் ஒரு எலுமிச்சங்கன்று வாங்கித் தொட்டிக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறேன். கேசட்டில் ரயில் அதைத் தாண்டிப் போகும்போது மெதுவாகப் போகும், கவனிக்கச் சொல்.

சாப்பாட்டு விஷயம்: அன்று ஒரு நாள்தான் நின்று சாப்பிட்டேன், அன்று பார்த்துக் கேமரா பிடித்துக்கொண்டது. "மூடி வச்சிடு" என்றது பழக்க தோஷம். சீட்டாட்டம் முன்னே இருந்தது. ஒருவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், இன்னொருவருக்குக் கண் ஆபரேஷன். மூன்றாமவர் இருக்கிறார், இரண்டு பேராக ஆடினால் யாரிடம் என்ன சீட்டு இருக்கிறதென்று தெரிந்துவிடுகிறது.

படத்தை டி.வி.யில் பார்த்தபோது ஒன்று தோன்றியது. ரயில் சுற்றிச் சுற்றி வருகிறது, ஸ்டேஷனில் ஆளே இல்லை. நானும் இல்லை, நான்தான் கேமராவுக்குப் பின்னால் கிடக்கிறேனே. யாரோ விசையை முடுக்கிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டதுபோல இருந்தது. டெய்லரை வந்து குறுக்கே நடக்கச் சொன்னேன். பயந்துபோய் வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஃபாரத்துக்கு மே முப்பது வரை இருக்கிறதல்லவா, பதறிப் போட வேண்டாம் என்று சொல்.

அப்பா

25.4.98

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டாவது கேசட் வந்து எட்டு நாள் ஆகிறது. வாலு அதைப் போட்டால்தான் சோற்றுக்கு வாய் திறக்கிறான். உங்கள் விரல் வருகிற இடத்தில் "தாத்தா!" என்று எழுந்து நின்று கை தட்டுகிறான். ஆக, உங்களிடம் இதுவரை அவன் பார்த்துக் குதித்தது காலுக்கும் ஒரு விரலுக்கும்தான்.

அம்மா கன்று வரும் வரைக்கும் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ப் பழைய கேசட்டை எடுத்துவந்து, "அந்தப் பதினோரு நிமிஷத்தைப் போடு" என்றாள். போட்டேன். "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன்.

"அடிக்கட்டையைப் பாரு, என்ன தெரியுது?"

"கட்டைதாம்மா தெரியுது."

"பக்கத்துல பச்சையா ரெண்டு துளிர். பூச்சி விழுந்து பட்டுப்போன மரம் துளிர்க்குமாடி?"

அவளே பேசினாள். அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"வளைவுக்கு இடம் பத்தலை, வெட்டிட்டார். கேட்டிருந்தா நானே வெட்டிக்குங்கன்னு சொல்லியிருப்பேன். பேரனுக்குப் பொம்மை ஓட்டறதுக்கு மரம் என்ன பெரிசா? ஆனா ஒரு வார்த்தை கேட்கலை பாரு. வாரா வாரம் கட்டைக்குத் தண்ணி ஊத்துறேன்னு சொல்லியிருக்கார். நான் இங்க உட்கார்ந்து, இந்நேரம் பூத்திருக்கும், இந்நேரம் காய்ச்சிருக்கும்னு எண்ணிக்கிட்டிருந்தேன். அந்த வீட்டுல என் இடம்னு நான் நினைச்சது அது ஒண்ணுதான். அதுலதான் இப்ப ரயில் போகுதே. நான் எங்க வந்து நிக்கறது?"

அப்பா, அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் இங்கே சும்மா இல்லை. கீழ்வீட்டுப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறாள், தனியாக பஸ் ஏறிக் கடைக்குப் போய் வருகிறாள். பாஷை தெரியாமலேயே அந்தப் பெண்களோடு மணிக்கணக்கில் சிரிக்கிறாள். நம் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர் தனியா என்ன பண்ணுவார்" என்பாள்.

ஃபாரம் மேசை டிராயரில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போன ஞாயிறு போனுக்கு அவள் வராததற்குத் தலைவலி காரணமில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். நேற்று இவ்வளவுதான் சொன்னாள்: "எழுதி அனுப்ப வேண்டாம். எழுத்துல அவர் எதையும் சிரிப்பாக்கிடுவார். வாயால சொல்லட்டும்."

கேமராவை எதிரே வைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள் அப்பா. அம்மாவிடம் பேசுவதுபோல. சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்

10.5.98

அன்பு மகளுக்கு,

மூன்றாவது கேசட் விரைவுத் தபாலில் இதோடு வருகிறது. முப்பதாம் தேதிக்கு நிச்சயம் முன்னால் வந்துவிடும் என்று தபால்காரர் சத்தியம் செய்தார்.

தலை வாரி, உன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியைக் கொல்லையில் போட்டு உட்கார்ந்தேன். கேமராவை ஸ்டூல்மேல் செங்கல் வைத்து நிறுத்தினேன். அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு வேர்க்கவில்லை. முதல் தடவை தொண்டையைக் கனைத்ததோடு சரி. இரண்டாம் தடவை பேச ஆரம்பித்தேன், "மதிப்பிற்குரிய" என்று வாயில் வந்துவிட்டது, டெப்போ ஓய்வு விழாவில் பேசியதுபோல. மூன்றாம் தடவைதான் உருப்படியாக வந்தது. பதினெட்டு நிமிடம். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், ஒரு கை விரல் போதும். நீ பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் எழுந்து போய்விடு.

பூச்சி விழவில்லை என்று சொல்லிவிட்டேன். வாரா வாரம் சொன்னது பொய் என்று சொன்னேன். துளிர் வரும்போதெல்லாம் வண்டியில் தட்டும் என்று கிள்ளி எறிந்ததையும் சொன்னேன். மன்னிச்சுக்கோ என்றும் சொன்னேன், சிரிக்காமல் சொன்னேன். நர்சரிக் கன்றை அவள் இடத்துக்கு ஈடாக நினைத்தது மடத்தனம் என்று சொன்னேன். அந்த மூலையில் தண்டவாளத்தைப் பெயர்த்தாகிவிட்டது. ரயில் இப்போது குகையோடு நின்று, பின்பக்கமாகவே திரும்பி வருகிறது. அதையும் கேசட்டின் கடைசியில் எடுத்திருக்கிறேன், வாலுவுக்கு.

ஃபாரத்தைப் பற்றியும் பேசினேன். உனக்கு அங்கே இருக்கப் பிடித்திருந்தால் கையெழுத்துப் போடு, எனக்காக டிக்கெட் போட வேண்டாம் என்றேன். "தனியா என்ன பண்ணுவார்" என்பதற்காக ஒருத்தி வந்து நின்றால், அப்புறம் இரண்டு பேராகத் தனியாக இருப்போம். நான் சமைக்கிறேன், சுமாராக இருக்கிறது, சாப்பிடுகிறேன். கேமராவிடம் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தகரம்போல அடிக்கும். டெப்போவில் எனக்குத் தகரம் என்றுதான் பேர், அவளுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் வாயால் சொல்ல வரவில்லை. பேச்சு அந்த இடத்தில் போய் நின்றுவிட்டது. வளைவுக்கு இடம் போதவில்லை, வெட்டினேன் என்று அவள் நினைத்ததையே கேசட்டில் ஆமாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். உனக்கு எழுதுகிறேன். படித்துக் காட்டுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மா போனில், "இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வரேங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் வாலு சிரிக்கிறான், நீ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறாய், தட்டுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். ஒரு வீடு முழுக்க அந்த ரிசீவருக்குள் இருந்தது. "அதுக்கென்ன, இருந்துட்டு வா, நான் என்ன குழந்தையா" என்றேன். "எலுமிச்சைக்குத் தண்ணி ஊத்துங்க" என்றாள். வழக்கமாக அதற்குப் பிறகு, "நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்க" என்பாள். அன்று அதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்ப வரும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

எழுந்து போய் ரம்பத்தை எடுத்தேன். மரம் பூத்திருந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தால், அதுவரை வராத வெயில் நேரே சமையலறைக்குள் வந்து விழுந்தது. அவள் வந்து ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த மூலையில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் டெப்போவுக்குப் போய் ஒரு வைப்பர் மோட்டார் கிடைக்குமா என்று கேட்டேன்.

அதுவரை ரயில் என்று ஒன்று கிடையாது, மகளே.

அப்பா